ரூபாய்க்கு முட்டு

டாலர் நூறு ரூபாயைத் தொடாமல் மாற்றுவதில்லை என்று நான் சபதம் போட்ட நேரம், குரங்கணிச் சரிவில் எங்கள் ஏலக்காய் பழுக்கத் தொடங்கியது.

அமெரிக்காவில் இருக்கும் மகள் கார்த்திகா வந்தபோது கொடுத்துவிட்டுப் போன இரண்டாயிரம் டாலர் பீரோவில் இருந்தது. சாவி என் அரைஞாண் கயிற்றில். காய் எடுக்கிற ஆட்களுக்குக் கூலி கொடுக்க வீட்டில் வேறு பணமில்லை.

"ஏங்க, இன்னும் ரெண்டு நாள் விட்டா காய் செடியிலயே வெடிச்சுரும். டாலரை மாத்துங்க," என்றாள் என் மனைவி சோலையம்மாள்.

"பொறு. ஏறுமுகத்துல இருக்கு."

"ரிசர்வ் பேங்கு டாலரை அள்ளி விக்கிதாம்ல? விலை இறங்கிரும்னு டிவியில சொன்னான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ரூபாய்க்கு முட்டுக் கொடுக்குது. ஏலத்துல தன் காய்க்குத் தன் ஆளையே விட்டு விலை கேக்க வைப்பானுகல்ல, அந்தச் சோலி. எத்தனை நாளைக்கு நிக்கும்?"

மறுநாள் டாலர் இறங்கியது. கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, சோறும் இறங்கவில்லை. சாயங்காலம் பழையபடி ஏறிவிட்டது. மீசையை முறுக்கினேன்.

"பாத்தியா? ரிசர்வ் பேங்காலயே என்னை அசைக்க முடியல!"

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். காலையில் காபியை வைத்துவிட்டு, "எங்கண்ணே ஜீப்புல வந்துக்கிட்டிருக்கு," என்றாள்.

"அமாவாசை வர்றானா? என்ன சோலி?"

"துபாய்க்குப் போகுதாம். கைச்செலவுக்கு நம்ம டாலரைக் கேக்குது."

"எப்பத் திருப்பித் தருவானாம்?"

"அதை நான் எப்படிக் கேக்க?"

மச்சினன் கைக்குப் போன எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. என் மோட்டார் பம்பு இன்னும் அவன் தோட்டத்தில்தான் ஓடுகிறது. பீரோவைத் திறந்து டாலரை அள்ளிக்கொண்டு, சட்டைப் பொத்தானைத் தெருவில் ஓடும்போதே மாட்டிக்கொண்டு, பணம் மாற்றும் சவுகத் அலி கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, நூறு ஆகட்டும்னீகளே?"

"வெரசாக் கொடு பாய்! ஜீப்பு வந்துரும்!"

மூச்சிரைக்கத் திரும்பினால், வாசலில் ஜீப்பு நின்றது. உள்ளே காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சோலையம்மாள் கையை நீட்டினாள். "கொண்டாங்க, கூலிக்கு."

கொடுத்தேன். "உங்கண்ணே எங்க? டாலர் தீந்துபோச்சுன்னு சொல்லணும்."

அவள் பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"சிலமலையில தன் வீட்டுல தூங்கிக்கிட்டிருக்கும். அது இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கலியேங்க."