படித்து முடிக்கும்வரை நிற்காத வண்டிகள்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அக்காள் புருஷன் தன் கையாலேயே எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். நீயும் பிள்ளைகளும் நலம்தானே? நாற்பது வருஷமாக என் கடிதங்களை நீதான் எழுதிக் கொடுத்தாய். நான் சொல்லாததையும் சேர்த்து எழுதியிருக்கிறாய் என்பது, இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு, மகள் வீட்டில் அந்தப் பழைய கடிதங்களை எடுத்துப் படித்த பிறகுதான் தெரிந்தது. அதை நேரில் பேசிக்கொள்வோம். இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஒரு சொல்கூட அடுத்தவர் சொல் இல்லை.

விஷயம் என்னவென்றால், இந்த நகரத்து பஸ்ஸும் சுரங்க ரயிலும் மனிதர்களுக்காக ஓடவில்லை. நாலு வருஷமாகப் பார்வை மங்கிக் கிடந்த உன் அக்காவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள் அல்லவா, மறுநாள் பதினோரு மணிக்குக் கட்டுப் பிரிப்பதாக ஏற்பாடு. கட்டைப் பிரித்ததும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பேன் என்று அவள் சொல்லியிருந்தாள். மருத்துவமனையில் துணைக்கு இருந்த மகள் காலையில் போன் செய்து, "அப்பா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன், தனியா கிளம்பிடாதீங்க" என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பன்னிரண்டாம் நம்பர் பஸ், அப்புறம் ரயில்ல ஆறாவது ஸ்டாப். பலகை படிக்கத் தெரிஞ்சவனுக்கு ஆள் துணை எதுக்கும்மா?" என்று சொல்லி எட்டு மணிக்கே கிளம்பிவிட்டேன்.

பஸ் வந்தது. நம்பரை மட்டும் பார்த்து ஏறுவதென்றால் அதைப் படிக்காத காலத்திலேயே செய்தவன் நான். இப்போது முறையாக, அதன் நெற்றியில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். ஊர்ப் பெயரில் பாதிகூட வரவில்லை, பஸ் போய்விட்டது. இப்படி ஐந்து பஸ். ஆறாவது பஸ்ஸில் எழுத்து விளக்காக எரிந்ததோடு இல்லாமல் ஓடவும் செய்தது! வண்டி ஓடலாம், எழுத்து ஓடலாமா? நீயே சொல். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?" என்றார். "இருப்பா, ரெண்டு எழுத்துதான் பாக்கி" என்றேன். "நிதானமா படிங்க, நான் ரிட்டயர் ஆயிட்டு வர்றேன்" என்கிறார்! பின்னால் நின்ற ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டிராவிட்டால் இன்றைக்கும் அங்கேதான் நின்றிருப்பேன்.

உள்ளே இடம் கிடைத்து உட்கார்ந்தால், எதிரே "முதியோருக்கு இடம் கொடுங்கள்" என்று பலகை. படித்த பிறகு உட்கார்ந்திருக்க மனசு வருமா? எழுந்து ஒரு நரைத்த தலைக்காரரைக் கூப்பிட்டேன். மனுஷன் எரிந்து விழுந்தார்.

"யாரைப் பாத்து முதியோர்ங்கறீங்க? உங்களுக்கு என்ன வயசு?"

"எழுபத்தொண்ணு."

"எனக்கு அறுபத்தெட்டு. மரியாதையா நீங்க உக்காருங்க."

"பலகையில வயசு போடலையே!"

கடைசிவரை இரண்டு பேரும் நின்றுகொண்டே போனோம். அந்த இடத்தில் யாருடைய துணி மூட்டையோ சொகுசாக உட்கார்ந்து வந்தது.

சுரங்க ரயில் இன்னும் மோசம். கதவு பக்கத்தில் பதினான்கு விதிகள் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பயணி படிக்க வேண்டும் என்றுதானே மாட்டியிருக்கிறார்கள்? அப்படியானால் படிக்க அவகாசம் கொடுக்க வேண்டாமா? ஆறாவது நிறுத்தத்தில் கதவு திறந்தது. நான் எழுந்திருப்பதற்குள் சாத்திக்கொண்டது. ஒரு மனுஷனை ஏமாற்றிக் கடத்திக்கொண்டு போவதுபோல் கடைசி நிலையம்வரை கொண்டுபோய் விட்டார்கள். திரும்ப ஏறி வந்து மருத்துவமனைப் படியை மிதிக்கும்போது பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம். எல்லாம் முடிந்திருக்கும், டாக்டர் முகத்தையோ சுவரையோ பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

வாசலில் நர்ஸம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "நீங்கதானா அந்த மனுஷன்? உங்க வீட்டம்மா கட்டைத் தொடவே விடல. டாக்டர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டாரு!"

உள்ளே உன் அக்காவின் குரல் கேட்டது. "நான்தான் சொன்னேனே, வருவாருன்னு. எழுத்துக் கூட்டிக்கிட்டே வரணுமில்ல, கொஞ்சம் நேரமாகும்."

கட்டைப் பிரித்தார்கள். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். "என்னங்க, பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க? நாலு வருஷமா இப்படித்தானா?" என்றாள்.

ஆகவே இந்த நகரத்து பஸ்ஸிலோ ரயிலிலோ இனிமேல் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நீயும் வராதே. வந்தால் நடந்து வா. உனக்கும் உன் வீட்டாருக்கும் எங்கள் இருவரின் ஆசிகள்; எல்லோரும் கண்ணும் காலும் சுகமாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான் (கையெழுத்து, கைநாட்டு இல்லை)

பின்குறிப்பு: உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். ஆறாவது நிறுத்தம் வந்தது எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி விதியில் நாலு சொல் பாக்கி இருந்தது, விட்டுவிட்டு இறங்க மனசு வரவில்லை. "இறங்குமிடம் வருமுன்னே கதவருகில் வந்து நிற்கவும்" என்று போட்டிருந்தது. கண்ணைத் திரும்பக் காட்ட நாளைக்கு அதே ரயிலில்தான் போகிறோம்; பலகையெல்லாம் நான் படித்துச் சொல்ல வேண்டுமாம். உன் அக்காவுக்கு எழுத்துத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மூன்று நாளாக எதிரே உட்கார்ந்து என் பேனா முனையையே பார்க்கிறாள். இதோ, மேலே அந்த நாலு சொல் என்ற இடத்தில் விரலை வைத்து, "இது என்ன எழுத்து?" என்று கேட்கிறாள். ஆகவே நிறுத்துகிறேன்.