தழும்பு நீளமும் விடுப்பு நாட்களும்

மனித குலத்தின் மாபெரும் சாதனைகளை வரிசைப்படுத்தினால், நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடம் எங்கள் எண்ணூர் தகர டப்பா ஆலையின் 'மருத்துவ விடுப்புக் குழு'வுக்குத்தான். அதன் செயலாளர் நான் என்பதால் அடக்கத்தோடு சொல்கிறேன்.

1998இல் கர்ப்பப்பை அகற்றிக்கொண்ட பெண் ஊழியர்கள் ஆளுக்கொரு விதமாக லீவு கேட்டார்கள். நிர்வாகம் திணறியது. நாங்கள் ஏழு கூட்டம் போட்டு, தட்டுத் தட்டாகப் போண்டா தின்று, 'விஞ்ஞானபூர்வமாக' முடிவெடுத்தோம்: தழும்பு ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று நாள். பதினான்கு சென்டிமீட்டர் கிழித்தால் நாற்பத்திரண்டு நாள். ஆலை நர்ஸ் சுகிர்தம் டெய்லர் டேப்பால் அளப்பார். யாரும் ஏமாற்ற முடியாது.

2004இல் கேன்டீனில் சாம்பார் அண்டா தூக்கும் பூவம்மாவுக்கு அதே ஆபரேஷன். ஆனால் காலம் முன்னேறியிருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், லேப்ராஸ்கோப்பியில் மூன்று துளை போட்டே எடுத்துவிட்டார்கள். சுகிர்தம் அளந்தார். மொத்தம் இரண்டு சென்டிமீட்டர். ஆறு நாள்.

பூவம்மா சீட்டை நீட்டினாள். "ஆறு வாரம் வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா எய்திக் குட்த்துக்கீறாங்க சார்."

குழுத் தலைவரான மேலாளர் சுடலைராஜ் அதை இரண்டு முறை படித்தார். "இதுல தழும்பு நீளம் போடலியேம்மா?"

"வெளிய தான் சார் சின்னது. உள்ள எட்த்தது அதே கர்ப்பப்பை தான?"

"உள்ளுக்குள்ள நடக்கிறதெல்லாம் குழுவோட அதிகார வரம்புல வராதும்மா."

"இது தெர்ஞ்சிருந்தா பெர்சாவே கீறச் சொல்லியிருப்பேனே!" என்று அழுதாள். அழுகையை அளக்க அலகு இல்லாததால் அதைக் கூட்டக் குறிப்பில் சேர்க்கவில்லை.

ஏழாம் நாள் வேலைக்கு வந்தாள். நவீன மருத்துவத்தின் வேகத்தைக் கைதட்டிப் பாராட்டினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பத்தாம் நாள் அண்டாவைத் தூக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடவையெல்லாம் ரத்தம். உள்தையல் பிரிந்துவிட்டதாம். அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் காப்பாற்றினார்கள்.

குழு அவசரமாகக் கூடியது. சுகிர்தம் வார்டுக்கே போய் அளந்து வந்தார்: பதினான்கு சென்டிமீட்டர். நாற்பத்திரண்டு நாள் விடுப்பை ஏகமனதாக வழங்கினோம். இனி எங்களைக் கல்நெஞ்சர் என்று எவர் சொல்ல முடியும்?

உத்தரவை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூவம்மா படுத்தபடியே வாங்கினாள். ஒரு நன்றியை எதிர்பார்த்து நின்றேன்.

"டாக்டரம்மா மூணு ஓட்ட தான் போட்டாங்க சார். இந்தப் பதினாலு நீங்க கீறினது."