மூக்குக்கு ஒன்பது மதிப்பெண்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலம்தானே? என் மூக்கும் நலம். அது நலமாக இருப்பதால்தான் வருகிற வியாழக்கிழமை அதை அறுக்கப் போகிறார்கள். நீங்கள் உடனே தலையிட்டு நிறுத்த வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன். உள்ளே உட்கார்ந்திருக்கும் அந்த ஆப் ஒட்டுக்கேட்டுவிடுமோ என்று பயந்து காகிதத்தில் எழுதுகிறேன்.

பதினைந்து வருஷமாக வாடகையில்லாமல் என் முகத்தில் குடியிருக்கும் சைனஸுக்காக, போன முறை வந்தபோது என் போனில் மூக்கு ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனீர்களே, "தினம் ரெண்டு நிமிஷம் மாமா, மிச்சத்தை அது பாத்துக்கும்" என்று, அது பார்த்துக்கொள்ளும் லட்சணத்தைக் கேளுங்கள். கண் விழித்ததும் சளியின் நிறம் கேட்கிறது. ஆறு கட்டம், ஆறு நிறம். சுவருக்குப் பெயிண்ட் தேர்ந்தெடுப்பவன்போலக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சந்தேகமிருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. அனுப்பினேன். விரல் எங்கே பட்டதோ, அது உங்கள் வீட்டார் எல்லோரும் இருக்கும் குடும்ப குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. உங்கள் பெரியம்மா கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு ‘வாழ்த்துகள்’ என்று போட்டார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாததைப் பற்றி நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, சட்டைப்பையிலிருந்து ஒரு பெண்குரல் "மூக்கு கழுவும் நேரம் வந்துவிட்டது!" என்றது. தலைவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டார். தொட்டி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. என் மூக்கு மட்டும் தினம் இரண்டு வேளை உப்புத் தண்ணீரில் கழுவப்படுகிறது. அதற்கு வெள்ளிப் பதக்கம் வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மதிப்பெண் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மூக்கடைப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று தினமும் கேட்கிறது. முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராகத் தாள் திருத்தியவனிடம் கேட்கிறது! சொந்த மூக்காயிற்றே என்று நான் சலுகை காட்டவில்லை. மழை மாதத்தில் இரண்டு பக்கமும் அடைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தேன். நேர்மையாக இரண்டு போட்டேன், ஒருநாள் ஒன்று. ஆப் என்ன செய்தது தெரியுமா? "அருமை! இப்படியே தொடருங்கள்" என்று திரை முழுக்கப் பூ தூவியது. அந்த அறிக்கை உங்களுக்கும் வந்து, நீங்களும் "சூப்பர் மாமா" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். அதை நான் மறக்கவில்லை. அதே அறிக்கை போய்ச் சேரும் என் மூக்கு டாக்டரம்மா ஒருவர்தான் அந்த வாரமே தானாகப் போன் செய்து ஸ்ப்ரேயை மாற்றினார். மூக்கு திறந்தது. வருஷக்கணக்காகத் தெரியாமலிருந்த வாசனை திரும்ப வந்தது. எதிர்வீட்டில் இஸ்திரிப் பெட்டி சட்டையைப் பொசுக்குவதை இங்கிருந்தே மோந்து சொன்னேன். அந்த வீட்டுக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், நான் லேசில் யாருக்கும் போடாத ஒன்பதைப் போட்டேன். உடனே திரை சிவந்தது. "நிலைமை கடுமை!" என்றது. இரண்டு வாரமாக நான் ஒன்பது போடுகிறேன், அது சிவக்கிறது. என் மகள் போனில் அழுகிறாள். இப்போது ‘அறுவை சிகிச்சை ஆலோசனை, வியாழன் காலை பத்து மணி’ என்று நேரமும் குறித்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. வாசனை வந்து முழுசாகப் பதினைந்து நாள்தான் ஆகிறது. கத்தி பட்டு அது திரும்பிப் போய்விட்டால் என்ன செய்வேன்? பாஸான பிள்ளையைப் பிடித்து யாராவது ஃபெயிலாக்குவார்களா? நீங்களும் கம்ப்யூட்டர் வேலையில்தான் இருக்கிறீர்கள். இந்த ஆப்பைச் செய்தவனை எப்படியாவது தேடிப் பிடித்து, நறுக்கென்று நாலு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். நான்கு நாசித் துவாரங்களும் என்றென்றும் தடையின்றி இயங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உங்கள் மாமியார் வாங்கிப் படித்தாள். "அது மூக்குக்குப் போடற மார்க் இல்லீங்க, கஷ்டத்துக்குப் போடற மார்க். பத்துன்னா மூச்சே விட முடியலைன்னு அர்த்தம்" என்றாள். உடனே டாக்டரம்மாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கிறார். "சார், நான் உங்ககிட்ட எட்டாவது படிச்சவ. எல்லாக் கணக்கும் சரியாப் போட்டும் கையெழுத்து சரியில்லைன்னு எனக்குப் பத்துக்கு ஆறுதான் போட்டீங்க. நீங்க ரெண்டு போட்டப்பவே மூக்கு என்ன பாடுபடுதுன்னு புரிஞ்சுடுச்சு. ஒம்பது போட்டப்ப ஆப் சொன்னதை நான் கண்டுக்கவே இல்லை. வியாழக்கிழமை சும்மா வாங்க, மருந்தைக் குறைச்சுடலாம்" என்றார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். ஆப்பைச் செய்தவனையும் விட்டுவிடவும். அந்த ஆறுதான் இப்போது என் மனதை அறுக்கிறது. அதே ஆப்பில் டாக்டருக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்கும் இடம் ஒன்று இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்து போட்டு அனுப்பிவிட்டேன். அங்கே பத்து என்றால் நல்லதா கெட்டதா என்று உடனே விசாரித்துச் சொல்லவும்.