சாமி அரிசியில் கிண்டர்கார்டன்

அன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவு. எனக்குன்னு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பிள்ளையப் பாத்துக்கிடணும்.

என் வீட்டுக்காரி வடிவு, வெங்கலப்பானை எடுக்க ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்க அவ அம்மா வீட்டுக்கு வண்டி ஏறுனா. மறுநாள் புரட்டாசிக் கடைசிச் சனி. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துலயும் திருவண்ணாமலைன்னு ஒரு குன்று இருக்கு; அங்க இருக்க பெருமாளுக்கு மலையடிவாரத்துல பொங்கல் வைக்கிறதா நேர்ந்திருந்தா. எதுக்குன்னா, எங்க சீனுவுக்கு மூணு வயசு ஆகப்போகுது, இன்னும் ஒரு வார்த்தை பேசல. அழுவான், சிரிப்பான், கடிப்பான். பேச மட்டும் மாட்டான்.

நானோ தமிழ் வாத்தியார்! ராஜபாளையத்துக்கு மாத்தலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. "ஊருக்கெல்லாம் இலக்கணம் சொல்றாரு, வீட்டுல பிள்ளைக்கு 'அம்மா' வரலயே"ன்னு அதுக்குள்ள தெருவுல ஒரு பேச்சு. வடிவு மறைவாப் போய் அழுவா. எனக்கும் உள்ளுக்குள்ள பயந்தான். ஆனா வாத்தியாராச்சே, வெளிய காட்டிக்கிட முடியுமா?

"மதியம் வந்திருவேன். சும்மா அவனைப் பாத்துக்கிடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்"னு சொல்லிட்டுத்தான் போனா.

சும்மாவே பாத்துக்கிட்டு இருந்திருக்கலாம். புத்தி கேக்கலையே!

கொஞ்ச நாளைக்கு முன்னால பள்ளிக்கூடத்துக்கு வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை, கிண்டர்கார்டன்னு புதுசா ஒண்ணைப் பத்திச் சொல்லிட்டுப் போயிருந்தாரு. சின்னப் பிள்ளைகளை உக்கார வச்சுப் பாடம் நடத்தக் கூடாதாம். கையால தொட்டு, அளைஞ்சு, வாரி, கொட்டி விளையாட விடணுமாம். தன்னால புத்தி வளருமாம், பேச்சு வருமாம். எனக்கு அவரு பேசுனதுல பாதிதான் புரிஞ்சது. அந்தப் பாதியே போதும்னு ஆரம்பிச்சுட்டேன்.

முதல்ல பஞ்சு. ஒரு கூடைப் பஞ்சை முன்னால வச்சு, "தொட்டுப் பாரு சீனு, மெத்துமெத்துன்னு இருக்கா?"ன்னேன். பஞ்சை விட்டுட்டு என் மீசையத் தொட்டுப் பாத்தான். தொட்டதோட விடல.

அடுத்து தண்ணி. அண்டாவுல தண்ணி ஊத்தி, கொட்டாங்கச்சியக் கையில குடுத்தேன். மோந்து மோந்து என் தலையில ஊத்துனான். ஊத்திட்டுக் கெக்கெக்கேன்னு சிரிச்சான். ஆகா, பாடம் ஏறுதுன்னு நினைச்சேன்!

அடுத்து தானியம் வேணுமே? அடுப்படியில தேடுனா, ஒரு நார்ப்பெட்டி நிறைய அரிசி. கையை விட்டுப் பாத்தா வெள்ளை, சிவப்பு, பொடிசு, பெருசு, பச்சரிசி, புழுங்கல்னு அம்புட்டும் ஒண்ணாக் கலந்து கிடக்கு. வீட்டு அரிசி ஏன் இப்படி இருக்குன்னு செத்த நேரம் யோசிச்சிருக்கலாம். நான் எங்க யோசிச்சேன்? "ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு விதமா விரல்ல படுமே! கிண்டர்கார்டனுக்குன்னே கலந்து வச்ச மாதிரில இருக்கு!"ன்னு தூக்கிட்டு வந்துட்டேன். நிறத்துக்கு மஞ்சப்பொடி வேற.

பய அரிசிய அள்ளுனான், கொட்டுனான், வாயில போட்டு மென்னான். மென்னதைத் திரும்பப் பெட்டிக்குள்ளயே துப்புனான். பொறவு அண்டாத் தண்ணிய மோந்து அதுல ஊத்துனான். பக்கத்து வீட்டுக் கோழிகளும் வந்து பாடத்துல சேந்துக்கிட்டுச்சு.

அந்நேரம் பாத்து வடிவு வெங்கலப்பானையோட வந்து நின்னா. பானை கீழ விழுந்த சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

"ஏங்க, அது என்ன அரிசின்னு தெரியுமா?"

"அரிசி அரிசிதானட்டி?"

"சாமி அரிசிங்க! நாமம் போட்ட சொம்பை எடுத்துக்கிட்டு, வெயில்ல தெருத்தெருவா 'கோவிந்தா'ன்னு நின்னு, வீட்டுக்கு ஒரு பிடியா வாங்குனது!"

வீட்டுக்கு ஒரு பிடி! அதான் அத்தனை ரகம்! அப்பத்தான் உறைச்சுது.

"விடுட்டி. நம்ம வீட்டு அரிசியப் போட்டுப் பொங்கிருவோம்."

"பிச்சை எடுத்துப் பொங்குறேன்னுல நேர்ந்திருக்கேன்! எச்சி அரிசியக் கொண்டு போய் வச்சா, என் பிள்ளைக்குப் பேச்சு எப்படிங்க வரும்?"

உக்காந்து அழுதுட்டா. ஆறுதலா ஏதாவது சொல்லணுமேன்னு, "அப்ப, அம்புட்டும் கோவிந்தாவா?"ன்னேன்.

அழுகை டக்குன்னு நின்னுருச்சு. கண்ணைத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சா.

"ஆமா, கோவிந்தாதான். சொம்பை எடுங்க. இப்ப நீங்க போங்க."

"நானா? நான் வாத்தியார்டி!"

"பெருமாளுக்கா வாத்தியார்?"

பிச்சை எடுக்கிறது எம்புட்டுக் கேவலம்னு அந்த வாரந்தான் வகுப்புல நடத்தி முடிச்சிருந்தேன். நெத்தியில நாமம், இடுப்புல மஞ்ச வேட்டி, தோள்ல சீனு, கையில சொம்பு. கிளம்பிட்டேன். நான் ஓடிருவேன்னு வடிவு பின்னாலயே வந்தா.

முதல் வீட்டுல "கோவிந்தா"ன்னேன். எனக்கே கேக்கல. ஆனா என் வகுப்புப் பயலுகளுக்குக் கேட்டுருச்சு.

"ஏலே, ஓடியாங்கலே! வாத்தியாரு பிச்சைக்கு வாராரு!"

ஒரு கூட்டமே பின்னால வந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குக் கூட அம்புட்டுப் பேரு வந்ததில்ல. எப்படியோ நாலஞ்சு வீடு முடிச்சு, ஒரு பெரிய வீட்டு வாசலுக்கு வந்தோம். தெலுங்கு பேசுற பெரியவர் ஒருத்தர் உக்காந்திருந்தாரு.

"கோவிந்தா."

காதுல கையைக் குவிச்சுக்கிட்டு, "கட்டிகா!"ன்னாரு.

குனிஞ்சு பாத்தேன். வேட்டி தளர்ந்துதான் இருந்துச்சு. பெரிய மனுசன் என் மானத்தைக் காப்பாத்துறாரேன்னு, சொம்பைக் கீழ வச்சுட்டு இறுக்கிக் கட்டிக்கிட்டேன். "கோவிந்தா."

"கட்டிகா! கட்டிகா!"

இன்னும் இறுக்குனேன். மூச்சு முட்டிருச்சு. அதுல குரல் முன்னைவிடச் சின்னதா வந்துச்சு.

"கட்டிகா!"ன்னு அவரு கத்துனாரு.

"இதுக்கு மேல கட்டுனா செத்துருவேன் ஐயா!"ன்னு நானும் கத்திட்டேன்.

வடிவு தலையில அடிச்சுக்கிட்டா. "அய்யோ, வேட்டிய விடுங்க! அவுக தெலுங்குல சத்தமாச் சொல்லச் சொல்றாக!"

தெருவே சிரிக்குது. எங்க போய் மூஞ்சிய வச்சுக்கிடன்னு தெரியாம நிக்கேன். அந்நேரம் என் தலைக்கு மேல இருந்து ஒரு புதுக் குரல்.

"கட்டிகா!"

சிரிப்பு நின்னுருச்சு. வடிவு அப்படியே அண்ணாந்து பாத்தா.

"கட்டிகா! கட்டிகா! கட்டிகா!"ன்னு சீனு என் தலையில ரெண்டு கையாலயும் தட்டித் தட்டிக் கத்துறான்!

வடிவு அவனைத் தோள்ல இருந்து பறிச்சு நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. எனக்கும் கண்ணு நெறஞ்சிருச்சு. பெரியவர் ரெண்டு கையாலயும் அரிசிய அள்ளிச் சொம்புல போட்டுட்டு, "இவன் எங்க பிள்ளை!"ன்னாரு.

மறுநாள் மலையடிவாரத்துல பொங்கல் நல்லாப் பொங்குச்சு. மாசம் ரெண்டாச்சு, பொழுதுக்கும் அந்தப் பெரியவர் வீட்டுலதான் கிடக்கான், பய வாயை மூடல. தண்ணி வேணுமா, தெலுங்கு. சோறு வேணுமா, தெலுங்கு. என்னைத் திட்டணுமா, அதுவும் தெலுங்கு.

வேண்டுதல் வைக்கும்போது எந்தப் பாஷைன்னும் சேத்துச் சொல்லிரணும்.