பின்சந்து வழி

"வலது முழங்கால்னு சொல்லியிருக்கேன்" என்றார் ஹெக்டர் பர்டி. "யாராவது கேட்டா நீயும் வலதுன்னே சொல்லு."

அவர் மனைவி எஃபி கோப்பையிலிருந்து நிமிரவில்லை. "நேத்து வேலி மேல ஏறி நின்னு மரக்கிளை வெட்டினே. அப்ப எந்தக் காலு?"

"அது லாக்லனுக்குத் தெரியாது."

லாக்லன், ஆர்ட்கார்வன் ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தின் செயலாளர். சனிக்கிழமை ஆட்டத்தின் இடைவேளையில் குலுக்கல் சீட்டு எடுக்கப் பழைய ஆட்டக்காரர் ஒருவரை மைதானத்துக்குள் அழைப்பது அங்கே வழக்கம். முப்பது ஆண்டுகளாக ஹெக்டர் தட்டிக்கழித்து வந்தார். இந்த முறை தொலைபேசியை எடுத்தது எஃபி. "வருவார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பதினேழு பருவங்கள் அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் ஹெக்டர். நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்கள். இரண்டு முறை உடைந்த மூக்கு. மூன்று கோல்கள். அந்த மூன்றில் ஒன்று சேம் சைடு கோல்.

முப்பது ஆண்டுகளுக்கு முன், பருவத்தின் கடைசி ஆட்டம், கடைசி நிமிடம். உயர வந்த பந்தை, பின்னால் பார்க்காமலே தலையால் முட்டித் தன் கோல்கீப்பருக்கு அனுப்பினார். கோல்கீப்பர் ரானல்ட் பேக்கியோ அதே பந்துக்காக முன்னால் ஓடி வந்திருந்தார். பந்து அவர் தலைக்கு மேலே போய்க் காலி வலைக்குள் விழுந்தது. ரோவர்ஸ் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. ரானல்ட் அந்தக் கோடையிலேயே கையுறையைக் கழற்றிவிட்டுக் கடைத்தெருவில் கறிக்கடை போட்டார்.

ஒரு மனிதனின் ஆட்டத்தையே முடித்துவிட்டோம் என்ற நினைப்போடு அந்தக் கடை வாசலைக் கடக்க ஹெக்டரால் முடியவில்லை. கறி வாங்கப் பக்கத்து ஊருக்குப் பேருந்து ஏறினார். நாளிதழ் வாங்கப் பின்சந்து வழியாகப் போனார். அங்கேயும் நிம்மதி இல்லை. கோட்டின் கழுத்துப்பட்டையைத் தூக்கிவிட்ட யாரோ ஒருவர் எதிர்முனையில் தோன்றுவார். ஹெக்டரைக் கண்டதும் வந்த வழியே திரும்பிவிடுவார். அந்த முகம் யாருடையது என்று பார்க்க ஹெக்டர் தலை நிமிர்த்தியதில்லை. ஊர் முகம் கொடுக்கக் கூசும் ஆள் நான் என்று மட்டும் எண்ணிக்கொள்வார். அந்த எண்ணம் அவருக்குப் பழைய மேலங்கி மாதிரி. கனம்தான், ஆனால் கழற்றினால் குளிரும்.

முழங்கால் கதை அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"கவலையே படாதீங்க பெரியவரே" என்றார் லாக்லன் தொலைபேசியில். "புல்லு வெட்டுறவரோட பேட்டரி வண்டி இருக்கு. உங்களை அதுல உக்கார வச்சு மைதானத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு."

"ரவுண்டா?" ஹெக்டருக்கு வியர்த்தது. "இங்க பாருப்பா, ஒலிபெருக்கியில என் பேரைச் சொல்லிடாதே. எனக்கு விளம்பரம் பிடிக்காது."

மறுமுனையில் மேசையைத் தட்டும் சத்தம். பிறகு, "அட, பிரமாதமான யோசனை!"

மறுநாள் காலை ரொட்டிக்கடையிலும் தபால் நிலையத்திலும் தேவாலயக் கதவிலும் சுவரொட்டி தொங்கியது. 'யார் அந்த மர்ம விருந்தாளி? சனிக்கிழமை வாருங்கள்! குலுக்கலில் முதல் பரிசு: ரானல்ட் பேக்கி கடையின் கறிக்கூடை.'

கடைசி வரியை ஹெக்டர் மூன்று முறை படித்தார்.

வழக்கமாக நானூறு பேர் வரும் மைதானத்துக்கு அன்று ஆயிரம் பேர் வந்தார்கள். ஹெக்டர் தொப்பியைப் புருவம் வரை இறக்கி, கம்பளியை மூக்கு வரை ஏற்றி, மழையில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். "கப்பல் கம்பெனி முதலாளிய்யா அது!" என்றது ஒரு குரல். "போடா, அது நம்ம பழைய பாதிரியார்" என்றது இன்னொன்று. இரண்டுமே அவருக்கு ஆறுதலாக இருந்தன.

சீட்டுகள் போட்டிருந்த பீப்பாய்க்குள் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். "பச்சை, நூற்றுப் பதினாலு!" என்று முழங்கினார் லாக்லன்.

ஆயிரம் பேரும் தங்கள் சீட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு மேல்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று எழுந்தது.

"நம்ம சீட்டு! ஹெக்டர் பர்டி, அது நம்ம சீட்டு!"

ஆயிரம் தலைகள் எஃபியைப் பார்த்தன. பிறகு கம்பளியைப் பார்த்தன.

"யோவ் ஹெக்டர்! மறுபடியும் உன் வலைக்குள்ளேயே அடிச்சிட்டியா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

மைதானமே சிரித்தது. அது என்ன மாதிரிச் சிரிப்பு என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் அவர் இல்லை. "இது செல்லாது, வேற எடுக்கறேன்" என்று சீட்டைப் பறித்துப் பீப்பாய்க்குள் எறிந்து, அடிவரை துழாவி வேறொன்றை எடுத்தார்.

"பச்சை, நூற்றுப் பதினஞ்சு!"

"அதுவும் நம்மளுதான்!" என்று கத்தினாள் எஃபி. "வரிசையா அஞ்சு வாங்கினேன்!"

ஹெக்டர் வண்டியிலிருந்து குதித்து ஓடினார்.

அறுபத்தெட்டு வயதில் யாரும் அப்படி ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை. "பெரியவரே, எந்த முழங்கால்னு சொன்னீங்க?" என்று ஒலிபெருக்கியில் கேட்டது லாக்லன் குரல். முழங்கால் பொய்யும் போயிற்று. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு தனக்குத் தெரிந்த ஒரே வழியில், பின்சந்துக்குள், பாய்ந்தார்.

அங்கே எதிர்முனையில், தூக்கிவிட்ட அதே கழுத்துப்பட்டை. அவர் வருவதைக் கண்டதும் அது மூலையில் திரும்பி மறைந்தது. இன்றைக்குக்கூடவா என்று ஹெக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

பின்னாலிருந்து தடதடவென்று காலடி. கறிக்கடை மேலங்கியோடு ஒரு பெண், மார்போடு அணைத்த பெரிய கூடையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். ரானல்டின் மகள் மொராக்.

"நில்லுங்க ஐயா, ரெண்டு பேர் பின்னாலயும் ஓட எனக்குத் தெம்பில்ல" என்று கூடையை அவர் கையில் திணித்தாள். "பந்துக்கு வெளிய வர்ற கீப்பர் 'என் பந்து'ன்னு கத்தணும், அன்னைக்கு நான் கத்தலையே, அந்தக் கோபத்துலதான் ஹெக்டர் என் கடைப்பக்கமே வர்றதில்லன்னு சொல்லிச் சொல்லி, முப்பது வருஷமா இந்தச் சந்துல உங்களைப் பாத்தாலே ஓடுறாரு எங்கப்பா."