சின்னக் கால்வாயும் நீர்க்கரை நிருபரும்

உலகப் பத்திரிகை வரலாற்றை எழுதப் புறப்படுகிற எவரும் ஒரு நாள் ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கியே தீர வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கடலைப் பார்க்க மூன்று பஸ் மாற வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு ‘நீர்க்கரை நிருபர்’ தோன்றி, ஒன்றேகால் வருடம் ஊரையே ஆட்டி வைத்தார் என்றால், அந்தப் பெருமையில் பாதி ஆசிரியராகிய என்னைச் சேரும். மீதிப் பாதியையும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எங்கள் ‘கரைநேசன்’ நாளிதழின் தலைமை அலுவலகம் ஒரு துறைமுக நகரத்தில் இருக்கிறது. ஆறாம் பக்கத்தில் ‘நீர்க்கரைச் செய்திகள்’ என்று ஒரு கட்டம். கப்பல் வரவு, அலையின் உயரம், மீன் வரத்து எல்லாம் அதில் வரும். ஆரணிப் பதிப்பு தொடங்கியபோது அதே பக்கத்தை அப்படியே அனுப்பி வைத்தார்கள். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் பக்கத்தை அச்சுக்கு விடாது. போன் செய்தேன்.

“சார், எங்க ஊர்ல கடல் இல்லீங்க.”

“அது உங்க லோக்கல் பிரச்சினை. நீங்கதான் தீத்துக்கணும்.”

தீர்த்துக்கொண்டேன். வேலை கேட்டு வந்தவர் பச்சையப்பன். பட்டுக்கடையில் பதினொரு வருடம் புடவை பிரித்துக் காட்டியவர்.

“தண்ணியப் பத்தி இன்னா தெரியும்?”

“கலரப் பத்தித் தெரியும்ங்க. நூத்தி எழுபது கலரு பேரு சொல்லுவேன்.”

உடனே நியமித்தேன். வேறு யாரும் விண்ணப்பிக்கவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஊருக்குள் இருக்கும் ஒரே ‘நீர்க்கரை’ சின்னக் கால்வாய். பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறைகளின் கழிவெல்லாம் அதில்தான் இறங்கும். பச்சையப்பன் காலை ஆறு மணிக்கே போய் நின்று முதல் செய்தியை எழுதினார்:

‘இன்று சின்னக் கால்வாய்: உடல் வாடாமல்லி. கரை மாம்பழ மஞ்சள். நுரையில் லேசாக ஜரிகை. முந்தானை ஏரியில் விழுகிறது. பார்க்க லட்சணமாக இருந்தது.’

படித்ததும் கண் கலங்கிவிட்டது. கால்வாய் நாறுகிறது என்று எவன் வேண்டுமானாலும் எழுதிவிடுவான். லட்சணம் என்று எழுத ஒரு பயிற்சி வேண்டாமா?

அதுவரை ராசிபலனைத் தாண்டாத பட்டு வியாபாரிகள், பத்திரிகையை ஆறாம் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்கள். கால்வாயில் ஓடுகிற நிறம்தானே எவனோ ஒருவன் ரகசியமாகப் போட்டுக்கொண்டிருக்கும் சாயம்? வாடாமல்லி ஓடுகிறது என்றால் அடுத்த முகூர்த்தத்துக்கு எவனோ வாடாமல்லி ஆர்டர் பிடித்துவிட்டான். சாயங்காலத்துக்குள் எல்லாப் பட்டறையிலும் வாடாமல்லி கொதிக்கும். மறுநாள் கால்வாய் இன்னும் கெட்டியான வாடாமல்லியாக ஓடும். போட்ட செய்தி இவ்வளவு ஜல்தியாக உண்மையாவது வேறு எந்தப் பத்திரிகைக்கு வாய்க்கும்?

இதில் பலன் கண்ட இன்னொருவர் கால்வாய்த் தெரு முனியம்மா. அந்தத் தெருக் கைப்பம்பை அடித்தால் கால்வாயில் ஓடுவதே வரும். தண்ணீர் லாரி கேட்டு நகராட்சியில் அவர் ஏறாத படி இல்லை. ஆதாரம் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். ஒருநாள் எங்கள் கட்டத்தைக் கத்தரித்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தார். அச்சிலேயே வந்துவிட்டதே, அதிகாரிகள் பாவம் என்ன செய்வார்கள்? பத்திரிகையில் நிறம் வருகிற நாளெல்லாம் லாரி வரும் என்று உத்தரவாயிற்று. அது முதல் நிருபரை எழுப்பிவிடும் பொறுப்பை முனியம்மாவே ஏற்றுக்கொண்டார்.

“ஏம்பா பச்சையப்பா, இன்னும் தூங்கிகினு கீறியா? மயில்கழுத்து ஓடுதுப்பா. வந்து எழுது. நீ எழுதினாத்தான் எங்க தெருவுல உலை வைக்க முடியும்.”

எழுதினார். அங்கேதான் வினை பிடித்தது. பட்டு நிற ரகசியப் பாதுகாப்பு மன்றத்தின் தலைவர் ஜெயக்குமார் செய்தி வந்த மூன்றாம் நாளே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

“ஆவணிக்குன்னு ஆறு மாசமா பொத்திப் பொத்தி வச்சிருந்த கலருங்க அது. உங்காளு எழுதப் போயி, இன்னிக்கு போளூர் சந்தையில நைட்டி கூட மயில்கழுத்துல தொங்குது.”

“செய்தி தப்புங்களா?”

“கரெக்டா இருக்குதே, அதுதாங்க பேஜாரு. இனிமே என் கலரு மட்டும் பேப்பர்ல வரக்கூடாது.”

கால்வாயில் சாயம் போவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை மதிக்கிறேன். போகும்போது பன்னிரண்டு வாரத்துக்கு முழுப்பக்க வண்ண விளம்பரம் எழுதிக் கொடுத்தார். பிறகு என் மனசாட்சி பேசியது. அது எப்போதுமே விளம்பரம் வந்த பிறகுதான் வாயைத் திறக்கும்.

பச்சையப்பனைக் கூப்பிட்டு, ‘காத்திருப்புச் சிறப்பு நிருபர்’ என்று பதவி உயர்வு கொடுத்தேன்.

“எங்க சார் காத்துகினு இருக்கணும்?”

“உங்க வூட்லதான்.”

“அப்ப கட்டத்த யாரு எழுதுவாங்க? உங்களுக்குக் கத்திரிப்பூவுக்கும் வாடாமல்லிக்கும் வித்தியாசம் தெரியாதேங்க” என்றார், மரியாதையாகத்தான்.

தெரிய வேண்டிய அவசியமில்லை. எது ஜெயக்குமார் நிறம், எது அடுத்தவர் நிறம் என்று நான் எங்கே போய்ப் பார்ப்பது? யாருக்கும் மனக்கஷ்டம் வராதபடி, ஏ.சி. அறையில் உட்கார்ந்தபடியே எழுதினேன்: ‘இன்று சின்னக் கால்வாய்: தண்ணீர் நிறம்.’ மறுநாளும் அதையே எழுதினேன். நிதானமான நடை.

இரண்டாம் நாளே லாரி நின்றது. “பேப்பர்லயே தண்ணி நிறம்னு போட்டுட்டாங்க, அப்புறம் எதுக்கும்மா லாரி?” என்று என் கட்டத்தையே முனியம்மாவிடம் நீட்டினார்களாம். என் எழுத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. கால்வாய்த் தெருப் பெண்கள் தினமும் ஒன்றரை கிலோமீட்டர் குடம் சுமந்தார்கள். உடல்நலத்துக்கு நல்லது. ஆனால் அது ஆரோக்கியப் பகுதிச் செய்தி, என் கட்டத்தில் வராது.

ஐந்தாம் நாள் மன்றத்தின் அவசரக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடியது. பாராட்டு விழாவாக இருக்கும் என்று நானும் சால்வைக்குத் தோதான சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

“யாரு அது, அஞ்சு நாளா தண்ணி கலர் போட்டுகினு கீறது?” என்று ஜெயக்குமார் மைக்கைப் பிடித்தார். “மரியாதையா ஒத்துக்குங்க.”

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழ்வாணன் என்ற வியாபாரி எழுந்தார். “நம்ம ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் போடாத கலருங்க. நான் முந்நூறு புடவைக்கு ஆர்டரே எடுத்துட்டேன். சாம்பிள்தான் கிடைக்கல.”

சாயம் பொருத்திப் பார்க்க ஒரு டம்ளர், ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் நிறத் தண்ணீர் வேண்டும். அறுபது பேர் பட்டறை பட்டறையாகத் தேடியிருக்கிறார்கள், அகப்படவில்லை. கேன் தண்ணீர் கொண்டுவந்த ஒருவரை, அது வெளியூர் கலர் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். கடைசியில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“எழுதினது நீங்கதான சார். எந்த இடத்துல பாத்தீங்க?”

நான் தொண்டையைச் செருமிய நேரத்தில் முனியம்மா உள்ளே வந்தார். கையில் கண்ணாடி டம்ளர். பின்னாலேயே நோட்டுப் புத்தகத்தோடு பச்சையப்பன்.

“நீங்க தேடற தண்ணி கலரு இதாங்க. எங்க தெரு பம்புல இப்ப அடிச்சது. சார் அஞ்சு நாளா எழுதிகினு கீற அதே தண்ணி.” டம்ளரை என் முன்னால் வைத்தார்.

ஜெயக்குமார் குனிந்து பார்த்தார். “இது என் மயில்கழுத்துங்க” என்றார் ஈனக் குரலில்.

“யாரு கலரா இருந்தா எனக்கு இன்னா? சார் தண்ணின்னு எழுதிட்டாரு. தண்ணின்னா குடிக்கத்தான? ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டும், நாங்க லாரியே கேக்கல.”

 டம்ளரின் விளிம்பில் லேசாக ஜரிகை மின்னியது.  பத்திரிகை தர்மத்தை விட்டுவிடாமல், யோசித்துப் பொறுப்போடு பதில் சொன்னேன்.

“இப்போதைக்குத் தாகமில்லம்மா.”

“இத எழுதிக்கலாங்களா சார்?” என்றார் பச்சையப்பன்.

இனிமேல் நிறம் தெரிந்தவர்தான் கட்டத்தை எழுத வேண்டும் என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அன்று பச்சையப்பன் எழுதியதில் நான் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. திருத்தாமல் பார்த்துக்கொள்ள முனியம்மா என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றார். அதைக் கத்தரித்துக்கொண்டு போய்த்தான் லாரியையும் திரும்ப வாங்கினார். எங்கள் நாளிதழின் வரலாற்றில் இத்தனை பேர் வெட்டி வைத்துக்கொண்ட செய்தி வேறு இல்லை. அது முழுமையாக இது:

‘இன்று சின்னக் கால்வாய்: உடல் மயில்கழுத்து. கரை அரக்கு. ஆசிரியருக்குத் தாகமில்லை.’