கார் து நோரில் நான் கட்டிப்பிடித்த வசந்தி

வெளிநாட்டில் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களிடம் முதல் ஒரு மாதம் அவதானமாக இருக்க வேண்டும். உலகத்தில் தனக்குத் தெரிந்த எல்லோரையும் உடனே பார்த்துவிட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு காய்ச்சல் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. மருந்து எடுக்காமல் விட்டதன் விளைவுதான் இந்தக் கதை.

நான் திரும்பி வந்த ஊர் யாழ்ப்பாணம் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸ். கணவரின் தமையன் மொன்றியலில் சாப்பாட்டுக் கடை திறந்து, "ஆறு மாதம் வந்து கை குடு" என்று கேட்டார். போனோம். அந்த ஆறு மாதம் எட்டு வருடம் ஓடியது (கடைக்காரர்களின் நாட்காட்டி அப்படித்தான்). ஒரு வெளிநாட்டிலிருந்து இன்னொரு வெளிநாட்டுக்குப் போய், பழைய வெளிநாட்டுக்கே திரும்பி வந்து, மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவில் இறங்கி மேலே வந்ததும் "அப்பாடா, ஊருக்கு வந்திட்டம்" என்று சொன்ன மனுசி நான்.

பெட்டிகள் உடைக்கப்படாமல் கிடக்க, அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்து பயணத் திட்டம் போட ஆரம்பித்தேன். பிள்ளைகளின் விடுமுறைக்கு ஒஸ்லோ, அங்கே என்னோடு படித்த இருவர். மாரி முடிய சூரிச், அங்கே சித்தி மகள். இடையில் லூர்து மாதாவுக்கு ஒரு நேர்த்தி. கணவர் கதவோரம் நின்று பொறுமையாகக் கேட்டார்.

"இஞ்சரும், அந்தப் பெட்டிக்குள்ளைதான் என்ரை சட்டையெல்லாம் கிடக்கு. நீர் ஒஸ்லோவுக்குப் போக முன்னம் ஒருக்கா எழும்புவீரோ?"

எல்லோருக்கும் முன்னால் பார்க்க வேண்டியவள் லண்டனில் இருந்த வசந்தி. பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். கடைசியாகக் கண்டது அவளுடைய கலியாணத்தில். பிறகு அவள் ஒரு திசை, நான் ஒரு திசை. தொலைபேசியில் மட்டும் விடாமல் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். நான் லண்டனுக்கு வருகிறேன் என்றதும், "நீ வராதை, நானே வாறன்" என்றாள். ஒரு படம் அனுப்பச் சொன்னேன். அவளுடைய கைபேசிப் படத்தில் எப்போதும் ரோசாப்பூதான்.

"நேரிலை பாப்பமடி."

"சரி. உன்ரை பின்னலை வச்சே கண்டுபிடிப்பன்," என்றேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய அந்தப் பின்னலைப் பிடித்து இழுக்காத பிள்ளை எங்கள் வகுப்பில் இல்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் வரவில்லை. லைன் கட்டாகிவிட்டதாக்கும் என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை கார் து நோர் ஸ்ரேசனில், லண்டன் ரயில் வருகிற பக்கம் போய் நின்றேன். சனம் அலை அலையாக வந்தது. எட்டிப் பார்ப்பதற்காக முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். தூணோரம் கட்டை மயிரோடு நின்ற, நீலச் சட்டைக்காரி ஒருத்தியைத் தோளால் இடித்துவிட்டு "பார்தோன்" என்றேன். அவளும் "சொறி" என்றாள். அப்போதுதான் அந்தப் பின்னலைக் கண்டேன். தடித்த, நீண்ட, கொஞ்சம் நரை கலந்த பின்னல். சூட்கேசை இழுத்துக்கொண்டு யாரையோ தேடியபடி போனது.

"வசந்தி!"

பின்னல் திரும்பியது. நான் பாய்ந்து கட்டிப்பிடித்தேன். முதுகில் இரண்டு அடி போட்டேன். கன்னத்தைக் கிள்ளினேன். முகம் மாறித்தான் இருந்தது. ஆனால் என் முகம் மட்டும் அப்படியேவா இருக்கிறது?

"எடியே, என்னடி இப்பிடி ஊதிப்போனாய்?"

"ஓம்... கொஞ்சம்," என்றாள் அவள். தொலைபேசிக் குரல் நேரில் வேறு மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னைத் தெரியுதோ?"

"ஓம் ஓம். தெரியாமல்? எப்பிடி இருக்கிறியள்?"

"இருக்கிறியளோ? நீங்கள் நாங்கள் எண்டு கதைச்சால் கன்னத்திலை தருவன்."

"சரியுங்கோ," என்றாள். லண்டன்காரர் மரியாதைசாலிகள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த அளவுக்கு என்று தெரியாது.

சூட்கேசைப் பறித்துக்கொண்டு ஃபோபூர் சன் தெனி தெரு வழியாக அவளை நடத்திக்கொண்டு போனேன். ரூ காய் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பம், சொதி, நண்டுக்கறி எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வழியெல்லாம் நான்தான் கதைத்தேன். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு வந்தாள். நகைக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் வந்தபோது மெல்லக் கேட்டாள்.

"தம்பி எப்பிடி?"

எனக்குச் சந்தோசம். சின்ன வயதில் என் தம்பியை அவளுக்கு நல்லாகத் தெரியும். அவன் இப்போது ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடையில் வேலை.

"தம்பியோ? ஏன் கேக்கிறாய்?"

"இல்லை, குணம் எப்பிடி எண்டு. குடி கிடி?"

"கலியாண வீடு, செத்த வீடு ரெண்டிலையும் குடிப்பான். கலியாண வீடெண்டால் ஆடுவான். செத்த வீடெண்டால் பாடுவான்."

அவள் நின்றுவிட்டாள். களைத்துவிட்டாளாக்கும் என்று நானும் நின்றேன்.

"வேலை?"

"ஒரு இடத்திலை நிலைச்சு நிண்டால்தானே. அதாலைதானே முதல் மனுசி விட்டிட்டுப் போனவள்."

"முதல் மனுசியோ?" அவளுடைய குரல் கீழே போய்விட்டது. "முப்பது வயசு எண்டெல்லோ சொன்னவை."

"முப்பதோ? ஆர், அவனே சொல்லியிருப்பான். அம்பது முடியப்போகுது. தலைக்கு மை அடிக்கிறவன்."

"படத்திலை..."

"அது பழைய படமடி."

கடைக்குள் போய் உட்கார்ந்ததும் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவள், வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது. பள்ளிக்கூட நினைவில் அழுதிருக்கிறாள் என்று என் மனமும் இளகிப்போய், பெரிய நண்டாகப் பார்த்து அவளுடைய தட்டில் வைத்தேன். நானும் ஒரு காலைக் கடிக்கிற நேரம் கைபேசி அடித்தது. பெயரைப் பார்க்காமலே எடுத்தேன்.

"எடியே, எங்கையடி நிக்கிறாய்?"

"ஆர் கதைக்கிறது?"

"ஆரோ? வசந்தி."

நான் எதிரில் இருந்தவளைப் பார்த்தேன். அவள் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "வசந்தி என்னோடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்," என்றேன்.

கைபேசிக்குள் ரயில் அறிவிப்பு ஒன்று கேட்டது.

"அப்ப நான் ஆரடி?"

நண்டுக்கால் கையிலிருந்து சொதிக்குள் விழுந்தது. எதிரில் இருந்தவளிடம், "நீங்கள் ஆர்?" என்று கேட்டேன். ("எடியே" எல்லாம் அந்த நொடியிலேயே ஓடிப்போய்விட்டது.)

"நான் ஜெயந்தி," என்றாள். "நீங்கள் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லையோ?"

ஸ்ரேசன் இரைச்சலில் வசந்தியும் ஜெயந்தியும் ஒன்றுதான். அவள் தன் மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க லண்டனில் இருந்து வந்தவள். மாப்பிள்ளையின் தாய் தவமணியோடு தொலைபேசியில் மட்டும் கதைத்திருக்கிறாள். "எங்கடை ஆக்கள் ஸ்ரேசனுக்கு வருவினம்" என்று சொல்லியிருந்தார்களாம். நான் ஆளாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன். அவள் விசாரித்த "தம்பி" அந்த மாப்பிள்ளை. எங்கள் தமிழில் முன்பின் தெரியாத இளம் பெடியனும் தம்பிதான், கூடப் பிறந்தவனும் தம்பிதான் என்பதன் ஆபத்து எனக்கு அன்றுதான் விளங்கியது.

"ஐயோ, ஜெயந்தி, நான் சொன்னது என்ரை சொந்தத் தம்பியை."

அவளுடைய முகம் வெளுத்தது. "நான் இப்ப கை கழுவேக்கை, கலியாணம் பேசின அன்ரிக்கு அடிச்சு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன், அக்கா. காரணமும் சொல்லிப்போட்டன்."

சாப்பாட்டை அப்படியே மூடிவைக்கச் சொல்லிவிட்டு, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடினேன். ஓட்டம் என்று நான் சொல்கிறேன். பார்த்தவர்கள் வேறு சொல் வைத்திருக்கக்கூடும்.

ஸ்ரேசனில் தவமணி பட்டுச்சேலையோடு நின்றார். பக்கத்தில் உயரமாக, அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு ஒரு பெடியன். கலியாணம் பேசிய அன்ரி தொலைபேசியில் எங்களை முந்திவிட்டார் என்பது தவமணியின் முகத்திலேயே தெரிந்தது.

"என்ரை பிள்ளைக்கு அம்பது வயசாம். ஒரு தாரம் விட்டிட்டுப் போச்சாம். தலைக்கு மையாம். இந்தக் கதையை ஆர் கட்டினது?"

"நான்தான்," என்றேன்.

நடந்ததைச் சொன்னேன். ஜெயந்தியும் சொன்னாள். தவமணி நம்புகிற மாதிரி இல்லை. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய் சொல்கிறோம் என்று நினைத்திருப்பார். வேறு வழியில்லாமல் என் தம்பிக்கு அடித்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கைபேசியைத் தூக்கிப் பிடித்தேன்.

"தம்பி, உனக்கு எத்தினை வயசு?"

"ஏன் அக்கா, ஆரும் கேக்கினமோ? நாப்பது எண்டு சொல்லு."

"உண்மையைச் சொல்லடா."

"நாப்பத்தொம்பது."

"குடிக்கிறனியோ?"

"இண்டைக்கு இன்னும் இல்லை."

முதலில் சிரித்தவன் அந்தப் பெடியன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் "பரவாயில்லை அன்ரி, பரவாயில்லை" என்று எனக்கு ஆறுதல் சொன்னான். தவமணி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அவரும் குலுங்கினார். ஜெயந்தி சிரித்தபடியே அந்தப் பெடியனை நன்றாகப் பார்த்தாள். மாப்பிள்ளையை ஒரு தாய் முதன்முதலாகப் பார்க்கிற பார்வை அது. சரிவந்துவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அவர்களுக்குப் பின்னால், தூணோரம், கட்டை மயிரோடு நீலச் சட்டைக்காரி நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிற்கிற விதம். கணக்கு வாத்தியார் அடிக்கக் கூப்பிட்டால் இப்படித்தான் நிற்பாள்.

"இடிச்சுப்போட்டு 'பார்தோன்' எண்டாய்," என்றாள் வசந்தி.

அவள் தன் தலையை ஒரு தரம் தடவினாள்.

"பின்னலை வச்சுக் கண்டுபிடிப்பன் எண்டு சொன்னாய். என்னெண்டு படம் அனுப்புறது? போன வருசம் வருத்தம் வந்து, மருந்தோடை எல்லாம் கொட்டிப்போச்சு. இப்ப சுகம். பார், வளருது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீ கனடாவிலை கிடந்து அழுதிருப்பாய். அங்கையிருந்து அழுது என்ன செய்யிறது?"

அழாமல் இருக்கத்தான் பார்த்தேன். அவள் என்னை இழுத்துத் தன் தோளில் சாய்த்தாள். அந்தத் தோள் எலும்பாக இருந்தது. "விசரி, அழாதை," என்றாள் காதுக்குள். "நானும்தான் உன்னை மட்டுக்கட்டேல்லை. ஆரோ ஒரு குண்டு மனுசி இடிச்சுக்கொண்டு போகுது எண்டுதான் நினைச்சன்."

ஐந்து பேருமாக ரூ காய்க்குப் போனோம். கடைக்கார அண்ணை எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டார். நண்டுக்கறி போதாமல், ஆட்டுக்கறியும் வந்தது. தவமணியும் வசந்தியும் எதிரெதிரே உட்கார்ந்து, இவ்வளவு நேரமும் ஸ்ரேசனில் காத்துநின்ற கோபத்தைச் சேர்ந்து என்மேல் கொட்டினார்கள். மாப்பிள்ளை எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினான்.

சாப்பிட்டு எழும்புகிற நேரம் ஜெயந்தி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்டு சொல்லட்டோ? ஸ்ரேசனிலையே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் முதுகிலை அடிக்க மாட்டினமெல்லோ."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"என்ரை மனுசன் செத்துப் பன்ரெண்டு வருசம். பிள்ளையும் நானும்தான். அங்கை எல்லாருக்கும் நான் அன்ரி, இல்லாட்டி மிஸிஸ். என்னை 'எடியே' எண்டு கூப்பிட்டு, சூட்கேசைப் பறிச்சுக்கொண்டு போக ஆரும் இல்லை. கொஞ்சத் தூரம் அப்பிடியே நடந்து பாப்பம் எண்டு இருந்தது." பிறகு அவசரமாகச் சேர்த்தாள்: "தம்பியின்ரை கதையைக் கேட்டுப் பயந்ததிலை அந்தச் சந்தேகமும் மறந்துபோச்சு."

அவளுடைய முதுகில் இன்னொரு அடி போட்டேன்.

என் பயணத் திட்டம் அன்றோடு கவிழ்ந்தது. ஒஸ்லோவும் சூரிச்சும் இன்னும் அப்படியே கிடக்கின்றன. லூர்து மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக ஜெயந்தியின் மகள் கலியாணத்துக்கு லண்டன் போனோம். தம்பியும் வந்தான், ஆடினான். இப்போது வீட்டை விட்டு யாரையாவது கூட்டிவரப் புறப்பட்டால், மகள் தன் அறையிலிருந்தபடியே, "அம்மா, அவையின்ரை கார்த் திதோந்தித்தேயைப் பாத்திட்டுக் கட்டிப்பிடியுங்கோ" என்கிறாள் (அடையாள அட்டைக்குப் பிரெஞ்சுப் பெயர் அது). கணவர் அதற்கு ஒவ்வொரு முறையும் புதிதாகச் சிரிக்கிறார்.

வசந்தி வருடத்துக்கு இரண்டு தரம் வருகிறாள். ரயிலால் இறங்கி, நேரே எனக்கு முன்னால் வந்து, சூட்கேசைக் கீழே வைத்து, மிகுந்த மரியாதையோடு கேட்பாள்:

"நீங்கள் ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"ஆர் வந்தாலும் காரியமில்லை," என்பேன். "வாங்கோ, சாப்பாடு ஆறுது."